அலெக்சேய் கெர்மன்: நாற்பத்தைந்து ஆண்டு, ஆறே படம். யார் காரணம்?

நிழல்வெளி (இழையைத் தொடங்கியவர்)

மழை. தோண்டிய குழி நிறைய உருளைக்கிழங்கு. ஜெர்மன் சிப்பாய்கள் அதன்மேல் எரிபொருளை ஊற்றுகிறார்கள். அந்த ஊர் சனங்கள் இனி அதை வாயில் வைக்க முடியாதபடி கெடுக்கத்தான் இந்த வேலை. ஈரக் கிழங்கின்மேல் அது வழிந்து இறங்குவதைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது.

'சாலையில் ஒரு சோதனை' இப்படித்தான் ஆரம்பிக்கும். இந்த ஒரு காட்சிக்காகவே இதை எடுத்தவர் யார் என்று தேடிப் போனேன். அதற்கு முன் நான் பார்த்திருந்த சோவியத் போர்ப்படங்களில் பசி என்பது ஒரு வசனம். இங்கே அது கண்ணுக்கு எதிரே கெட்டுப்போகிற சாப்பாடு.

இயக்குநர் அலெக்சேய் யூரியெவிச் கெர்மன். 1938இல் லெனின்கிராடில் பிறந்தவர். அப்பா யூரி கெர்மன் சோவியத் வாசகர்கள் நன்கு அறிந்த எழுத்தாளர். மகன் லெனின்கிராடில் நாடகமும் சினிமாவும் படித்தார், அங்கே திரைப்பட இயக்குநர் கிரிகோரி கோசின்ட்செவின் மாணவர். பிறகு நாடக இயக்குநர் தோவ்ஸ்தனோகவிடம் மேடையில் வேலை, 1964இல் லென்ஃபில்ம் ஸ்டூடியோ. முதல் படம் 'ஏழாவது துணைவன்', கிரிகோரி அரோனவுடன் சேர்ந்து இயக்கியது. தனியாக இயக்கியவை ஐந்து. 2013 பிப்ரவரியில் இறந்தபோது கடைசிப் படம் இன்னும் முழுதாக முடிந்திருக்கவில்லை.

தனியாக இயக்கிய முதல் படம்தான் அந்த உருளைக்கிழங்குப் படம். 1971இல் முடித்தார். மக்கள் பார்த்தது 1986இல். அதிகாரிகள் தடுத்ததால் பதினைந்து வருஷம் டப்பாவிலேயே கிடந்தது. 33 வயதில் எடுத்த படம் வெளியே வரும்போது அவருக்கு 47 வயது. ஒரு கலைஞனின் நல்ல வயதை ஒரு அலுவலகம் எடுத்துக்கொண்டுவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. மற்ற நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மழைக்காகம்

நிழல்வெளி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் கணக்கில் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள்.

சோவியத் நாடு 1991இல் முடிந்துபோனது. படத்தை வெட்டு, திரும்ப எடு என்று சொல்ல கோஸ்கினோ (சோவியத் அரசின் சினிமாத் துறை) இல்லை. அதற்குப் பிறகு அந்த மனுஷர் வேகம் பிடித்திருக்க வேண்டாமா? நடந்தது நேர்மாறு. அடுத்த படம் 'குருஸ்தல்யோவ், காரை எடு!' 1998இல்தான் வந்தது. அதற்கடுத்த 'கடவுளாக இருப்பது கடினம்' படப்பிடிப்பு 2000இல் தொடங்கி 2006 வரை போனது. பிறகு எடிட்டிங், ஒலி என்று இன்னும் ஏழு வருஷம். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த விளாதிமிர் இலின் 2006இல் காலமாகி, யூரி கிளிமென்கோ தொடர வேண்டியதாயிற்று. மூலக்கதை எழுதிய சகோதரர்களில் அர்க்காதி ஸ்த்ருகாத்ஸ்கி முன்பே போய்விட்டார். போரிஸ் ஸ்த்ருகாத்ஸ்கி 2012 நவம்பரில் இறந்தார், முடிந்த படத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இதற்கு எந்த அதிகாரியைக் குற்றம் சொல்வீர்கள்? தொண்ணூறுகளில் பணமுடை இருந்தது, மறுக்கவில்லை. 'குருஸ்தல்யோவ்' பிரான்ஸ் பணத்தையும் சேர்த்துக்கொண்டு, நின்று நின்று நடந்த படப்பிடிப்பு. ஆனால் பதிமூன்று வருஷத்துக்குப் பணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அவருடைய பிடிவாதத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் அவரைத் தியாகி ஆக்கினால் படங்களையே நாம் தப்பாகப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

நிழல்வெளி

பிடிவாதத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் எதற்குத் தடை என்பதைச் சொல்லிவிடுகிறேன், படம் பார்க்காதவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் இல்லையா.

அப்பா யூரி கெர்மன் எழுதிய ஒரு குறுநாவல்தான் மூலம். லாசரெவ் என்று ஒருவன். செஞ்சேனையில் இருந்து ஜெர்மானியரிடம் சிக்கி, அவர்கள் சீருடையைப் போட்டுக்கொண்டவன். மனசு பொறுக்காமல் காட்டுக்குள் இருக்கும் கெரில்லாக்களிடம் தானே வந்து சரணடைகிறான். அவனை நம்புவதா, சுடுவதா? படைத்தலைவர் லோகோத்கோவ் (ரோலான் பீகவ்) நம்பிப் பார்க்கலாம் என்கிறார். மேஜர் பெத்துஷ்கோவ் (தார்கோவ்ஸ்கி படங்களில் பார்த்திருப்பீர்களே, அந்த அனத்தோலி சலனீத்சின்) கூடாது என்கிறார். அந்த மேஜரின் மகன் போரில் செத்தவன். அவருடைய கடுமை எங்கிருந்து வருகிறது என்று படம் நமக்குக் காட்டுகிறது, அவரை வில்லனாக விட்டுவிடவில்லை.

நடுவில் ஒரு பாலம். ஜெர்மன் ரயில் வரும்போது தகர்க்க வேண்டும். ரயிலும் வந்துவிட்டது. அதே நேரம் பாலத்துக்கு அடியில் ஒரு நீளமான சரக்குப் படகு மெதுவாக நுழைகிறது. அதில் சரக்கு இல்லை. சோவியத் போர்க்கைதிகள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பாலம் விழுந்தால் அத்தனை பேர் தலையிலும் விழும். மேஜர் 'வெடி' என்கிறார். லோகோத்கோவ் மாட்டேன் என்கிறார். ரயில் தப்பிப் போய்விடுகிறது.

1941 ஆகஸ்டில் ஸ்டாலின் போட்ட 270ஆம் எண் ஆணையை நினைத்துப் பாருங்கள். எதிரியிடம் சரணடைகிறவன் துரோகி, அவன் குடும்பத்துக்கும் தண்டனை உண்டு. போர் முடிந்து உயிரோடு திரும்பிய கைதிகளைக்கூட விசாரணை முகாம்களில் வைத்துச் சலித்தெடுத்த நாடு அது. அந்தப் படகில் இருந்தவர்களைக் காப்பாற்ற ஒரு ராணுவ ரயிலை விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு சோவியத் படம் சொன்னால் எப்படிப் பொறுப்பார்கள்? வீரத்தைக் கொச்சைப்படுத்துகிறது என்று சொல்லி மூடி வைத்தார்கள்.

லாசரெவாக நடித்த விளாதிமிர் ஸமான்ஸ்கி போரில் அடிபட்டவர். போருக்குப் பிறகு தண்டனைக் கைதியாகவும் இருந்தவர். படம் முழுக்க அவன் அதிகம் பேச மாட்டான். யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற விதம் ஒன்று இருக்கும், அடி விழப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்தவன் திரும்புகிற மாதிரி. அதை யாரும் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

சத்தக்காரன்

நான் சினிமாவில் ஒலி சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். பிடிவாதம் என்று மழைக்காகம் சொன்னதை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் விளக்குகிறேன்.

நாங்கள் தொழிலுக்கு வந்ததும் முதலில் கற்றுக்கொள்வது: வசனம் ராஜா, மற்றதெல்லாம் அதற்கு வழிவிட வேண்டும். யாராவது வாயைத் திறந்தால் தெருச் சத்தத்தை இறக்கு, காற்றை இறக்கு, பக்கத்து மேசையில் பேசுகிறவர்களை அமுக்கு. கெர்மன் படத்தில் இதெல்லாம் கிடையாது. 'என் நண்பன் இவான் லாப்ஷின்' படத்தில் ஒரே வீட்டில் நாலைந்து பேர் நாலைந்து விஷயம் பேசுவார்கள். நமக்கு முக்கியம் என்று தோன்றுகிற வாக்கியம் பாத்திரம் உருளுகிற சத்தத்தில் போய்விடும். ஒன்றுக்கும் உதவாத ஒரு பேச்சு தெளிவாகக் கேட்கும். முதல் தடவை கேட்டபோது மிக்சிங்கில் தவறு என்றே நினைத்தேன். இரண்டாவது தடவை ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான், ஒவ்வொரு குரலும் தனியாக, முழுதாக அங்கே இருப்பது தெரிந்தது. எதையும் விட்டுவிடவில்லை. எதைப் பிடித்துக்கொள்வது என்பதை மட்டும் நம்மிடம் விட்டிருக்கிறார்.

ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் நம் காதுக்கு நடப்பது இதுதானே? அந்த வீட்டுப் பேச்சு நமக்காக நடப்பதில்லை.

கேமராவும் அப்படித்தான். முக்கியமான ஆளின் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று யாரோ ஒரு வழிப்போக்கர் குறுக்கே வந்து நேராக லென்சைப் பார்த்துவிட்டுப் போவார். யார் அவர்? கதையில் அவருக்கு வேலை இல்லை. ஆனால் அந்தப் பார்வையில் அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பது தெரிந்துவிடும்.

இப்படி ஒரு ஃபிரேமை நிரப்ப எத்தனை நாளாகும்? ஓரத்தில் அரை விநாடி வந்து போகிற ஆளுக்கும் முகம் தேட வேண்டும், சட்டை தேட வேண்டும், அவன் பேசுகிற பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். கடைசிப் படத்தின் ஒலிக்கு ஏன் அத்தனை வருஷம் ஆனது என்று கேட்டால், என் தொழில் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.

புதுவாசகன்97

எல்லாருக்கும் வணக்கம். இங்கே நான் சின்னப் பையன், தப்பா கேட்டா மன்னிச்சுக்கோங்க. 'கடவுளாக இருப்பது கடினம்' போன மாசம் போட்டேன். இருபது நிமிஷத்துக்கு மேல தாங்க முடியலை. சேறு, எச்சில், மூக்குச்சளி, யாரோ யாரையோ இழுத்துட்டுப் போறாங்க, யார் ஹீரோன்னே புரியலை. படம் மூணு மணி நேரம்னு பார்த்ததும் நிறுத்திட்டேன். நீங்க எல்லாரும் இவ்வளவு பெரிசா பேசுறதைப் பார்த்தா நான்தான் எதையோ விட்டுட்டேன்னு தோணுது. எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

அகல்விளக்கு

தம்பி, தப்பே இல்லை. அந்தப் படத்தில் யாரும் முதல் அடி வைக்கக் கூடாது. நானாக இருந்தால் 'போரற்ற இருபது நாட்கள்' கையில் கொடுப்பேன்.

கோன்ஸ்தந்தின் சிமோனவ் எழுதிய கதை, திரைக்கதையும் அவரே. லோபாதின் என்கிற போர்ச் செய்தியாளர் ஸ்டாலின்கிராட் போர்முனையிலிருந்து விடுப்பில் தாஷ்கெந்துக்குப் போகிறார். இருபது நாள். அவ்வளவுதான் கதை. அங்கே அவர் எழுதியதை வைத்துப் போர்ப்படம் ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் எல்லாமே போரைப் பார்க்காதவன் கற்பனை செய்த போர். அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருத்த முயல்கிறார். நாடகக் கம்பெனியில் உடை தைக்கிற நீனா என்கிற பெண்ணோடு சில நாள் உறவு. திரும்பிப் போய்விடுகிறார்.

லோபாதினாக யார் நடித்தது தெரியுமா? யூரி நிக்குலின். சோவியத் நாடே சிரித்துப் பழகிய சர்க்கஸ் கோமாளி. ஒரு கோமாளியைப் போய் இந்த வேஷத்துக்கா என்று மேலிடத்தில் எதிர்ப்பு. சிமோனவ்தான் உறுதியாக நின்றார். ஆனால் நிக்குலின் போரைக் கேள்விப்பட்டு நடிக்க வந்தவர் இல்லை. பின்லாந்துப் போரிலும் லெனின்கிராட் பாதுகாப்பிலும் விமான எதிர்ப்புப் படையில் இருந்தவர். நீனாவாக வந்த லுத்மீலா குர்சென்கோவும் பாட்டும் ஆட்டமுமான படத்தில் பெயர் வாங்கியவர்தான்.

இதை நான் ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். கெர்மன் சிரிக்கவைக்கிற நடிகர்களைத் தேடித் தேடிப் பிடிக்கிறார். அப்போது நிக்குலின். 'லாப்ஷின்' படத்தில் ஆந்திரேய் மிரோனவ், அவரும் நிக்குலினும் சேர்ந்து நடித்த நகைச்சுவைப் படம் அங்கே எல்லார் வீட்டிலும் மனப்பாடம். கடைசிப் படத்தில் லியோனித் யார்மோல்னிக், அவரையும் சனங்களுக்கு டி.வி. கலகலப்பில்தான் பழக்கம். சிரிப்பு நடிகரின் முகம் மக்களுக்குச் சொந்தக்காரர் முகம் மாதிரி. அந்த முகம் சிரிக்காமல் நின்றால் நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

ரயில் காட்சி ஒன்று வரும். தாஷ்கெந்துக்குப் போகிற வழியில் ஒரு விமானப்படை கேப்டன் (அலெக்சேய் பெத்ரெங்கோ) லோபாதினிடம் தன் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். அவள் வேறொருவனோடு இருக்கிறாள். ஏறக்குறைய பத்து நிமிஷம் விடாமல் பேசுகிறார். கடைசியில், நீங்கள் எழுத்தாளர்தானே, என் சார்பில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கிறார். அங்கிருந்து ஆரம்பி. முழுதாகப் பார்த்துவிட்டு வந்து சொல்லு.

தஞ்சை மருத்துவர்

'குருஸ்தல்யோவ்' பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். என் தொழிலோடு சம்பந்தப்பட்ட படம் அது.

1953 ஜனவரி 13ஆம் தேதி 'பிராவ்தா' நாளிதழில் ஒரு செய்தி. கிரெம்ளின் தலைவர்களைச் சிகிச்சை என்ற பெயரில் கொல்லச் சதி செய்த மருத்துவர்கள் பிடிபட்டார்கள் என்று. ஒன்பது பெயர். ஆறு பேர் யூதர்கள். ஸ்டாலினுக்கே வைத்தியம் பார்த்த வினோகிராதவ் அதில் ஒருவர், அவரை 1952 நவம்பரிலேயே பிடித்துவிட்டார்கள். நாடு முழுக்க நோயாளிகள் டாக்டர்களைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்த காலம். நோயாளியின் கண்ணில் பயத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் என்மேலேயே இருந்தால் எப்படி ஊசி போடுவேன் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

படத்தின் நாயகன் யூரி கிளென்ஸ்கி, ராணுவ மருத்துவ ஜெனரல், மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். பெரிய உருவம், மொட்டைத் தலை, டீ கிளாசில் கோன்யாக் குடிப்பார். தன் ஆஸ்பத்திரியிலேயே தன்னைப் போலவே இருக்கும் ஒருவனைப் பார்க்கிறார். தன் இடத்தில் வைக்க ஆள் தயாராகிவிட்டது என்று புரிந்து ஓடுகிறார். பிடிக்கிறார்கள். 'சோவியத் ஷாம்பேன்' என்று எழுதிய லாரியில் கைதிகளோடு ஏற்றி அனுப்புகிறார்கள். அந்த லாரிக்குள் அவருக்கு நடக்கிற கொடுமையைக் கெர்மன் நேராகக் காட்டுகிறார், என்னால் அதை இங்கே விவரிக்க முடியவில்லை. ஜெனரலின் உடம்பு சில மணி நேரத்தில் யார் வேண்டுமானாலும் கையாளலாம் என்கிற பொருளாகிவிடுகிறது.

அப்புறம் திடீரென்று துடைத்து, உடை மாற்றி, காரில் ஏற்றி எங்கோ கூட்டிப்போகிறார்கள். ஒரு கிழவர் படுக்கையில் கிடக்கிறார், தன்னையே அசுத்தம் செய்துகொண்டு. கிளென்ஸ்கி வயிற்றை அமுக்கிப் பார்க்கிறார். மருத்துவர் செய்ய வேண்டியதைச் செய்கிறார். இது யார் என்று அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கிறது.

நிஜத்திலும் மார்ச் 1ஆம் தேதி ஸ்டாலின் குந்த்செவோ மாளிகையில் விழுந்து கிடந்தார். டாக்டர்கள் வந்தது மறுநாள் காலை. 5ஆம் தேதி இரவு உயிர் பிரிந்தது. ஸ்டாலினின் நெருங்கிய சகா பெரியா வெளியே வந்து காவல் அதிகாரியிடம் 'குருஸ்தல்யோவ், காரை எடு!' என்று கத்தியதை ஸ்டாலின் மகள் ஸ்வெத்லானா தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். படத்தின் தலைப்பு அதுதான். ஏப்ரல் 4ஆம் தேதி மருத்துவர்கள் குற்றமற்றவர்கள் என்று அதே 'பிராவ்தா' அறிவித்தது.

1998 கான் விழாவில் போட்டியில் இருந்தது. பாதியில் எழுந்து போனவர்கள் நிறைய. பரிசு ஒன்றும் இல்லை. எனக்கும் முதல் ஒரு மணி நேரம் யார் யார் என்றே பிடிபடவில்லை. ஆனால் தன்னைச் சிதைத்த அரசின் தலைவனுடைய வயிற்றில் ஒரு டாக்டர் கை வைக்கிற அந்தக் காட்சியில் கை நடுங்கவில்லை. அதற்காகவே இரண்டு தடவை பார்த்தேன்.

மழைக்காகம்

டாக்டர் சார், நன்றி. அந்த லாரியையும் அந்தப் படுக்கையையும் ஒரே மூச்சில் வைத்துப் பார்க்க எனக்கு இதுவரை தோன்றவில்லை.

புதுவாசகன் தம்பி நிறுத்திய படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அதில்தான் என் முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது போல.

ஸ்த்ருகாத்ஸ்கி சகோதரர்களின் நாவல் 1964இல் வந்தது. பூமியிலிருந்து போன ஆராய்ச்சியாளன் ஒருவன் வேறொரு கிரகத்தில், இன்னும் இடைக்காலத்திலேயே தேங்கிப்போன அர்கனார் நாட்டில், தோன் ருமாதா என்ற பிரபுவாக வேஷம் போட்டு வாழ்கிறான். அங்கே படித்தவர்களை வேட்டையாடிக் கொல்கிறார்கள். அவனிடம் எல்லா வலிமையும் இருக்கிறது. ஆனால் வரலாற்றில் கை வைக்கக் கூடாது என்பது கட்டளை. கெர்மன் 1968இலேயே இதற்குத் திரைக்கதை எழுதிவிட்டார். அந்த ஆகஸ்டில் சோவியத் டாங்குகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் போயின. வெளியிலிருந்து ஒருவன் வந்து ஒரு நாட்டைத் திருத்துகிற கதைக்கு அதற்குமேல் இடம் எங்கே? படம் அப்போதே நின்றது. முப்பத்திரண்டு வருஷம் கழித்துப் படப்பிடிப்புத் தொடங்கியதும் அதே செக் நாட்டில்தான்.

நாவலில் ஓடுகிற கதை படத்தில் சேற்றுக்கடியில் போய்விட்டது, உண்மை. கேமராவுக்கு முன்னால் கோழிக்கால் தொங்கும், சங்கிலி ஆடும், யாரோ கையை நீட்டுவார்கள். நாமும் அர்கனாரில் அந்த நெரிசலில் நிற்கிறோம். தூரத்தில் நின்று 'பாவம் இவர்கள்' என்று சொல்ல அவர் நமக்கு இடம் கொடுக்கவில்லை. ருமாதாவுக்குக் கடவுளாக இருப்பது ஏன் கடினம் என்று அந்த நாற்றத்துக்குள் நின்றால்தான் தெரியும்.

இதை எழுதும்போதுதான் ஒன்று தோன்றியது. கோஸ்கினோவுக்கு அவரிடம் எது பிடிக்கவில்லையோ, அதேதான் பின்னால் அவரை அவ்வளவு மெதுவாக்கியது. அவர்களுக்கு நடுவில் ஒரு நாயகன் வேண்டும், சுற்றி இருப்பவர்கள் சுவர் மாதிரி நிற்க வேண்டும். கெர்மனுக்குச் சுற்றி நிற்கிறவன் ஒவ்வொருவனும் ஆள். படகில் நெருக்கியடித்து நிற்கிற கைதிக்கும் ஒரு ரயிலுக்குச் சமமான மதிப்பு. அதனால் தடை. தடை போன பிறகும் ஓரத்தில் நிற்கிறவனை அவரால் சுவராக விட முடியவில்லை. அதனால் பதிமூன்று வருஷம். நான் பிடிவாதம் என்று தனியாகப் பிரித்தது சரியில்லை, நிழல்வெளி. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

நிழல்வெளி

மழைக்காகம், இதை நானே எழுதியிருக்கக் கூடாதா என்று இருக்கிறது. நானும் என் பங்குக்கு ஒன்றை மாற்றிக்கொள்கிறேன்: அந்தக் கடைசிப் பதிமூன்று வருஷம் அவரிடமிருந்து யாரும் பறித்ததில்லை. அவர் தெரிந்தே கொடுத்தது.

'லாப்ஷின்' பற்றி யாராவது விரிவாக எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். சத்தக்காரன் தொட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவர் படங்களிலேயே மனசுக்கு நெருக்கமானது அது.

1935. உன்சான்ஸ்க் என்கிற கற்பனை ஊர், ஆற்றங்கரை, பனி, ஒரு டிராம். படப்பிடிப்பு அஸ்திரகானில் நடந்தது. லாப்ஷின் அந்த ஊர்க் காவல் துறையில் துப்பறியும் அதிகாரி. உள்நாட்டுப் போரில் பட்ட அதிர்ச்சியில் அவருக்கு வலிப்பு மாதிரி வரும். ஒரே வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து குடியிருப்பு. அங்கே சிறுவனாக இருந்தவன் கிழவனாகி நினைத்துப் பார்க்கிறதாகக் கதை. லாப்ஷினாக நடித்த ஆந்திரேய் போல்த்னெவ் நோவோசிபிர்ஸ்க் நாடகக் குழுவில் இருந்தவர், சினிமா பார்க்கிறவர்களுக்கு அந்த முகத்தைத் தெரியாது. மிரோனவ் போல எல்லாருக்கும் தெரிந்த முகத்தை அவருக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்.

ஊருக்கு வந்த நாடகக் கம்பெனி நடிகை நத்தாஷாமேல் (நீனா ருஸ்லானவா) லாப்ஷினுக்குக் காதல். குளிரில் விறகில்லாமல் கிடந்தவர்களுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறார். காதலைச் சொல்ல அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளுக்கோ அவர் நண்பன் ஹானின்மேல். ஹானின் (மிரோனவ்) மனைவியைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறான். குளியலறையில் துப்பாக்கிக் குழலை வாய்க்குள் விட்டுக்கொள்கிற காட்சியில், சாவதற்குக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறுகிறான். நான் பார்த்த மிரோனவ் அங்கேதான் முடிந்தார். பிறகு அவர் நகைச்சுவைப் படம் எதுவும் எனக்குப் பழையபடி இல்லை.

நிலத்தைச் சுத்தம் செய்வோம், தோட்டம் போடுவோம், அந்தத் தோட்டத்தில் உலவ நமக்கே நேரம் இருக்கும் என்று லாப்ஷின் நம்புகிறார். அதே மனிதர், கொள்ளைக்காரன் சலவியோவ் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது சுட்டுவிடுகிறார். இரண்டும் ஒரே ஆள். ஸ்டாலின் ஆட்சியின் களையெடுப்பு உச்சத்துக்குப் போன வருஷம் 1937. படத்தில் எவரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் கேமராவைப் பார்க்கிற ஒவ்வொரு முகத்திலும் இவர் தப்பித்திருப்பாரா என்றே நான் தேடிக்கொண்டிருந்தேன். லாப்ஷின் தப்பித்திருப்பாரா? படம் அதைச் சொல்லவில்லை.

இதையும் திருத்தி எடு என்றார்கள். அவர் எடுக்கவில்லை. 1985இல்தான் திரைக்கு வந்தது. 1987இல் சோவியத் விமர்சகர்கள் வாக்களித்தபோது, நாட்டின் மிகச் சிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

சத்தக்காரன்

ஒரு பெயர் விட்டுப்போனது. ஸ்வெத்லானா கர்மலித்தா. கெர்மனின் மனைவி, கடைசி இரண்டு படத்துக்கும் அவரோடு சேர்ந்து எழுதியவர். கணவர் போன பிறகு மகன் அலெக்சேயும் (அவரும் இயக்குநர்) அவரும் உட்கார்ந்துதான் 'கடவுளாக இருப்பது கடினம்' படத்தின் மிச்ச ஒலி வேலையை முடித்தார்கள். 2013 நவம்பரில் ரோம் விழாவில் முதல் திரையிடல். அத்தனை வருஷம் அவர் அடுக்கி வைத்த சத்தத்தில் எது கூட, எது குறைய என்று முடிவெடுக்க அவர் இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மிக்சிங் அறையில் காலியாக இருக்கும் நாற்காலி எவ்வளவு பெரிது என்று எங்களுக்குத் தெரியும்.

புதுவாசகன்97

அகல்விளக்கு அக்கா, சொன்ன மாதிரி 'போரற்ற இருபது நாட்கள்' நேத்து ராத்திரி பார்த்தேன். ஃபோனை வேற ரூம்ல வச்சுட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ரயில் காட்சி. அந்த கேப்டன் பேசிட்டே இருக்காரு. அவர் முகத்தையே பார்த்துட்டு இருந்தேன். அப்புறம் சத்தக்காரன் சார் எழுதினது ஞாபகம் வந்து, திரும்ப முதல்ல இருந்து போட்டு, இந்தத் தடவை கேக்குறவரைப் பார்த்தேன். நிக்குலின் ஒண்ணுமே செய்யலை. ஆறுதல் சொல்லலை, தோளைத் தட்டலை. ரயில் ஆடுறப்போ கூடவே ஆடுறாரு, அவ்வளவுதான். ஆனா எழுந்து போகலை.

ஃபேக்டரியில லோபாதின் பேசப் போற காட்சியும் பார்த்தேன். கூட்டத்துல நிக்கிற பொம்பளைங்க, சின்னப் பசங்க முகத்து மேல கேமரா போய்க்கிட்டே இருக்கு. அதுல தொப்பி போட்ட ஒரு பையனை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அவனுக்கு வசனம் கிடையாது. அவன் வீட்டுல யார் போர்முனைக்குப் போயிருப்பாங்கன்னு யோசிச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

'லாப்ஷின்' நல்ல சப்டைட்டிலோட எங்க கிடைக்கும்? சனிக்கிழமை எங்க அப்பா வர்றாரு. அவர்கூட சேர்ந்து பார்க்கணும்.